டிரைவ்வேயில் அழியாத கோலம்: மகளுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். டெக்ஸாஸ் ஆஸ்டினில் உங்கள் வீட்டின் டிரைவ்வேக்கு, அதாவது தெருவிலிருந்து கராஜ் வரை கார் ஏறும் கான்கிரீட் பாதைக்கு, ஆள் வைக்காமல் நீங்களே சாயம் ஏற்றி, அம்மாவின் சிக்குக் கோலம் ஒன்றை அதில் அழியாதபடி பதிக்கப் போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். உன் திட்டத்தில் முதல் நாள் ஆசிட் ஊற்றிக் கழுவுவது, இரண்டாம் நாள் ஆசிட் ஸ்டெயின் அடிப்பது என்று குறித்திருக்கிறாய். அந்த முதல் நாள் வேலையை அடியோடு எடுத்துவிடு. ஆசிட் கழுவல் அந்தச் சாயத்துக்குத் துணையன்று, பகை.

காரணம் இதுதான். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, துணைப்பொருளாக உண்டாகிறது. இறுகிய சிமென்ட் கூழின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுவே இருக்கும். ஆசிட் ஸ்டெயின் என்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு, மாங்கனீசு, தாமிரம் போன்ற உலோகங்களின் உப்புகளைக் கரைத்த திரவம். அமிலம் கான்கிரீட்டின் மேல்தோலைச் சற்றே திறந்துவிட, உப்புகள் உள்ளே இறங்கிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத நிறச் சேர்மங்களாகத் துளைகளுக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. பெயிண்ட் உரிவதுபோல் இது உரியாததற்குக் காரணம், உரிவதற்கு மேலே படலம் எதுவும் இல்லாமையே. ஆனால் நீ முன்னதாகவே ஆசிட் ஊற்றிக் கழுவினால், சாயம் பிடிக்க வேண்டிய அந்தச் சுண்ணாம்பு கால்சியம் குளோரைடாகிக் கழுவிய தண்ணீரோடு ஓடிவிடும். பிறகு எத்தனை கேலன் ஸ்டெயின் அடித்தாலும் திட்டுத் திட்டாக, வெளிறித்தான் வரும்.

அப்படியானால் சாயத்துக்கு முன்பு ஆசிட் அரிப்பு அவசியம் என்று பல இடங்களில் படித்தேனே என்று நீ கேட்கக் கூடும். அது தண்ணீர் அடிப்படையிலான ஸ்டெயினுக்கான விதி. அந்த வகையில் நிறமித் துகளும் அக்ரிலிக் பிசினும் இருக்கின்றனவே தவிர, சுண்ணாம்போடு எந்த வினையும் நடப்பதில்லை. ஆகவே அது பற்றிக்கொள்ள, தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கும் பரப்பு வேண்டும். நம் கொத்தனார்கள் டைல்ஸ் பதித்தபின் ஆசிட் வாஷ் செய்து சிமென்ட் பாலை நீக்குவதைப் பார்த்திருக்கிறாயே, ஏறக்குறைய அதே வேலைதான். இரண்டு முறைகளின் குறிப்புகளும் உன் தாளில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். தாத்தா வீட்டு ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு வேண்டும் என்கிறாய். அந்தத் தரையில் இரும்பு ஆக்சைடுப் பொடியை மேல்பூச்சுச் சிமென்டிலேயே கலந்து, இழைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நிறம் பூச்சோடு பிறந்தது. ஏற்கெனவே இறுகிவிட்ட கான்கிரீட்டில் ஆசிட் ஸ்டெயின் தருவது பழுப்பு, தேன் நிறம், செம்பழுப்பு இவற்றின் வகைகளையே. அசல் சிவப்பு வேண்டுமானால் தண்ணீர் வகைக்குத்தான் போக வேண்டும். கார் தினமும் ஏறி இறங்கும் இடத்துக்கு நான் ஆசிட் ஸ்டெயினையே சொல்வேன், அதிலும் இரும்பு உப்பின் செம்பழுப்பை. பேரன் விரும்பும் நீலப்பச்சை தாமிர உப்பினால் வருவது. வெளிப்புறத்தில் ஈரம் பட்டுப் பட்டு அது பழுத்துக் கறுத்துப்போகும். அவனுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடு.

தயாரிப்பு வேலையில் ஆசிடுக்கு இடமில்லை என்பதற்காகக் கழுவாமல் விட்டுவிடாதே. டிரைவ்வேயின் பல இடங்களில் தண்ணீரைத் தெளித்துப் பார். உடனே உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால் அங்கே பழைய சீலரோ (பரப்பைக் காக்க அடிக்கும் பூச்சு), கட்டியவர்கள் கான்கிரீட் ஈரம் இழக்காமல் இறுக அடித்த கியூரிங் பூச்சோ, எண்ணெயோ இருக்கிறது. எண்ணெயை ஆசிட் தின்னாது, சாயமும் அதைத் தாண்டி இறங்காது. கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை எடுக்கும் கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, தண்ணீர் பரவலாக உறிஞ்சப்படும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய். ஈரம் இருக்கிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: 18 அங்குலச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பார். தாளின் அடியில் நீர் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவிட வேண்டும். சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறும் பெனால்ஃப்தலீன் கரைசல் கிடைத்தால், தேய்த்துக் கழுவிய பரப்பில் சில சொட்டுகள் விடு. பளிச்சென்று இளஞ்சிவப்பானால் மேல்தோலில் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. நிறமே மாறாவிட்டால் காற்றிலுள்ள கரியமிலவாயு அதை ஏற்கெனவே மாற்றிவிட்டது என்று பொருள், அங்கே சாயம் மங்கலாகவே பிடிக்கும். விரிசலும் ஒட்டுப்போட்ட இடமும் சாயத்துக்குப் பின் மறையும் என்று எண்ணாதே. இன்னும் தெளிவாகத் தெரியும்.

கோலத்தில்தான் ஆசிட் அரிப்புக்கு உண்மையான வேலை இருக்கிறது, அதுவும் சாயம் ஏறிய பிறகு. செம்பழுப்பான பரப்பின் மேல் கோலத்தின் கோடுகளை மட்டும் அரித்தால், நிறம் ஏறிய தோல் கரைந்து அடியிலுள்ள வெளிர் சாம்பல் கான்கிரீட் வெளிப்படும். காவி பூசிய தரையில் மாக்கோலம் போட்ட தோற்றம் அப்படியே வந்துவிடும், கோடு காலுக்கு வழுக்கவும் வழுக்காது. இதற்குத் திரவ ஆசிட் உதவாது, ஓடிவிடும். கூழ் பதத்தில் விற்கும் அரிப்பானை வாங்கு, அதிலும் சிட்ரிக் அமில வகை கிடைத்தால் கைக்கும் மூச்சுக்கும் தொல்லை குறைவு.

ஸ்டென்சிலைக் காகித அட்டையில் வெட்டலாம் என்கிறாய், சிக்குக் கோலத்துக்கு அது சரிவராது. கோட்டின் சுழிக்குள் புள்ளியும், புள்ளியைச் சுற்றிய வெளியும் தனித் தீவுகளாக நிற்பவை. அட்டையில் கோட்டை வெட்டி எடுத்த மறுகணம் அவை உதிர்ந்துவிடும். உதிராமலிருக்க இடையிடையே பாலம் விட்டால் கோடு அறுந்து கோலமே கெட்டுவிடும். ஒட்டும் வினைல் தாளில் கணினியால் வெட்டித் தரும் கடைகள் அங்கே இருக்கின்றன. அதில் தீவுகள் தாமே ஒட்டி நிற்கும். இன்னொரு சிக்கல், அமெரிக்க டிரைவ்வேக்களில் வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் இழுத்த வரிகள் இருப்பது. வினைல் அந்த வரிகளின் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளத்தின் வழியே கூழ் கசிந்து கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். ரப்பர் உருளையால் அழுத்தி ஒட்டு, கோட்டை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள். அம்மா விரலால் இழுக்கும் மெல்லிய கோட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை பூசியதில் வெளுப்புப் போதாவிட்டால், கழுவிக் காயவைத்து மீண்டும் பூசலாம். நேரத்தைக் கூட்டி ஊறவிடாதே. உங்கள் பகுதிக் கான்கிரீட்டில் போடும் ஜல்லி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லை உடைத்தது. நம் பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லியை இந்த ஆசிட் தொடாது, சுண்ணாம்புக்கல்லையோ நுரைக்க நுரைக்கத் தின்று குழியாக்கிவிடும்.

கோலம் ஒரே பலகைக்குள், அதாவது வெட்டுக்கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரே கான்கிரீட் கட்டத்துக்குள், அடங்க வேண்டும். நான்கு அங்குலத் தடிமனுள்ள கான்கிரீட்டில் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டுக்கோடு விட்டிருப்பார்கள், சுருக்கத்தால் வரும் விரிசல் அதில் விழட்டும் என்பதற்காக. அந்தக் கோட்டைக் கோலம் கடந்தால் எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும். சக்கரத் தடத்திலும் வேண்டாம். நடைபாதை டிரைவ்வேயோடு சேரும் மூலையைத் தேர்ந்தெடு.

இனிச் சாயம் அடிக்கும் வேலை. அறுநூறு சதுர அடிக்கு, கேலனுக்கு இருநூறு சதுர அடி என்று கணக்கு வைத்து மூன்று கேலன் வாங்கு. உலோகப் பாகம் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் தெளிப்பானே வேண்டும். தெளித்ததும் மெல்லச் சுர்ரென்று பொங்கும், மஞ்சளும் பச்சையுமாக அசிங்கமாகத்தான் தெரியும். பயந்து கழுவிவிடாதே. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல், யாரும் மிதிக்காமல் விட வேண்டும். அதன்பின் துருப்பொடி போன்ற கசடு மேலே படிந்திருக்கும், அது நிறமன்று. கேலனுக்கு ஒரு கப் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றி, நுரை அடங்கும் வரை தேய்த்து, கசடு முழுவதும் போகும்படி கழுவு. நீல லிட்மஸ் தாள் சிவக்காமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. இதில் சோம்பல்பட்டால் மிஞ்சிய உப்பு சீலருக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். குளோரைடு உள்ளே தங்குவது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கும் நல்லதன்று.

கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர் வாய்க்காலில் விடக் கூடாது. அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஓடையில் சேர்வது. உங்கள் ஊரில் இது வெறும் சட்டப் பேச்சன்று: நீங்கள் பேரனை நீந்த அழைத்துச் செல்லும் பார்ட்டன் ஊற்றிலும் அதைச் சார்ந்த நிலத்தடி நீரிலும் வாழும், பல்லி போன்ற நீர்வாழ் உயிரான பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் சாலமாண்டரை 1997-இல் அருகிவரும் உயிரினமாக அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பகுதியில் நிலத்தில் இறங்கும் நீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளின் வழியே அந்த ஊற்றுக்கே போய்ச் சேருகிறது. டிரைவ்வேயின் அடிவாரத்தில் மணல் பைகளை வரிசையாக அடுக்கி, ஈரம் இழுக்கும் வேக்குவத்தால் தண்ணீரை உறிஞ்சியெடு. சேர்ந்த கசட்டை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

உங்கள் உடம்புக்கான பாதுகாப்பை மாப்பிள்ளையிடம் விட்டுவிடாமல் நீயே பார். துணி முகக்கவசமும் தூசிக்கவசமும் ஆசிட் ஆவியைத் தடுக்கா. அமில ஆவிக்கென்றே உள்ள வடிகட்டி பொருத்திய கவசம், மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் எல்லாம் வேண்டும். ஏதாவது ஆசிடை நீர்க்க வேண்டியிருந்தால் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். கராஜ் கதவின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாம் துருப்பிடிக்கும்.

சீலர் கோலத்துக்குப் பிறகுதான். முன்னதாக அடித்தால் அரிப்பானால் கான்கிரீட்டைத் தொடவே முடியாது. பளபளக்கும் அக்ரிலிக் சீலர் நிறத்தை நன்றாக எடுத்துக் காட்டும் என்பது உண்மை. ஆனால் டெக்ஸாஸ் வெயிலில் ஓடி வந்த சூடான டயர் அந்தப் படலத்தை இளக்கி ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் கார் நகரும்போது உரித்துக்கொண்டு போகும், மழையில் வழுக்கவும் செய்யும். சிலேன்-சிலாக்சேன் என்னும் வகைச் சீலர் உள்ளே ஊறி நின்றுவிடும், மேலே படலம் இராது. பளபளப்பு வராது என்ற ஒரே குறைக்காக அதை நான் ஒதுக்க மாட்டேன்.

காலம் அக்டோபர், நவம்பர் பொருந்தும். கோடையில் கான்கிரீட் கொதிக்கும், தெளித்த கணமே ஸ்டெயின் காய்ந்துவிடும். வசந்தத்தில் உங்கள் தெருவின் லைவ் ஓக் மரங்கள் இலை உதிர்க்கும், நனைந்த இலை தன் பங்குக்கு ஒரு பழுப்புக் கறையைப் பதித்துவிட்டுப் போகும். அதற்குள் உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.-விடம் நிறத்துக்கும் கோலத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடு. கோலத்தின் படத்தை இணைத்துக் கொடு, இல்லாவிட்டால் என்னவோ என்று நினைப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, குப்பைத் தொட்டி நிற்கும் மூலையில் இரண்டடிச் சதுரம் ஒன்றில் சாயம், கழுவல், கூழ் அரிப்பு, சீலர் என்று இதே வரிசையில் செய்து பார். வேறொருவர் வீட்டுப் படத்தை நம்பாதே, சாயம் உன் கான்கிரீட்டைப் பொறுத்தே அமையும். நனைந்திருக்கும்போது ஒரு படம், நன்றாகக் காய்ந்தபின் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஊறும் வகைச் சீலர் அடித்தால் உனக்குக் கிடைக்கப்போவது காய்ந்த படத்திலுள்ள நிறம்தான், அது பிடிக்காவிட்டால் டிரைவ்வே முழுவதற்கும் வாங்குமுன் வேறு நிறம் பார்க்கலாம். அம்மா ஏழு புள்ளிக் கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருக்கிறாள். நீ தேர்ந்தெடுத்த பலகையின் நீள அகலத்தை அளந்து எழுது, அதற்கேற்பப் புள்ளியின் இடைவெளியைக் குறித்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா