‘தண்ணி வேணுமா?’ என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் வந்துவிட்டால் ‘முதியவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்ற வரி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடுகிறது. தங்கள் நாளிதழிலும் படிக்கிறோம். ஆனால் அதைப் படித்த மகளோ மருமகளோ வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. முதியோரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் செவிலியர்கள் நாங்கள், அதனால் எழுதுகிறோம்.

எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தாகம் ஒழுங்காக எடுக்காது. நீரைப் பிடித்துவைக்கும் சக்தியும் சிறுநீரகத்துக்குக் குறைந்திருக்கும். ‘தண்ணி வேணுமாம்மா?’ என்று கேட்டால் ‘வேணாம்ப்பா’ என்பார்கள். பிடிவாதம் இல்லை, உண்மையிலேயே தாகம் இருக்காது. கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள். நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மறதி நோய் உள்ளவர்கள்கூட எதிரில் இருப்பவர் குடிப்பதைப் பார்த்துத் தாமும் குடிப்பதுண்டு.

எவ்வளவு? மூத்த பெண்களுக்கு நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வழிகாட்டியின் அளவு. நம் ஊர்க் கோடைக்கு அதற்கும் குறையலாகாது. காபி, டீ, மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். முதலில் வீட்டு டம்ளரை அளந்து பாருங்கள். காபி டம்ளர் பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிதான் பிடிக்கும். ‘ஆறு டம்ளர் குடிச்சேனே’ என்று பெரியவர் சொல்வது முக்கால் லிட்டர்கூட இருக்காது.

இனி உண்மையான தடைக்கு வருவோம். பல வயதானவர்கள் வேண்டுமென்றேதான் குடிக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும், வழியில் விளக்கு இருக்காது, ஈரத்தரை வழுக்கும். இருமினாலே சிறுநீர் கசிகிற அம்மாக்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே வாயை நனைக்க மாட்டார்கள். இவர்களிடம் தண்ணீரின் அருமையைப் பேசிப் பயனில்லை. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, பிடித்து எழக் கைப்பிடி, உலர்ந்த தரை, நடக்க முடியாதவருக்குக் கட்டிலருகே சிறுநீர்க் குவளை. இவை முதலில் வரட்டும்.

குடிப்பதையும் பகலுக்குள் முடித்துவிடலாம். எழுந்ததும் 200 மில்லி, காபி 150, காலை மாத்திரையோடு 200, பதினோரு மணிக்கு மோர் 200, மதியச் சாப்பாட்டோடு 200, மூன்று மணிக்கு 200, டீ 150, மாலை ஆறுக்குள் 200, இரவு மாத்திரைக்கு 100. கூட்டினால் 1.6 லிட்டர். ஆண்களுக்கு முற்பகலிலும் பிற்பகலிலும் ஒவ்வொரு டம்ளர் கூட்டுங்கள். மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைப்பது பலரின் பழக்கம். அந்த மிச்சத்தையும் குடிக்கவைத்தாலே பாதி வேலை முடிந்தது. நீர் பிரியும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறார்கள் என்றால், நேரத்தை முன்னே தள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் வயதானவருக்கு ஆபத்து. தலை பின்னால் சாயும்போது தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் எளிதாக இறங்கிவிடும். புரையேறும் பயத்திலேயே அடுத்த மடக்கைத் தவிர்ப்பார்கள். அவருக்கென்று தனி டம்ளர் ஒதுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, வாய் வைத்துக் குடிக்கட்டும். கை நடுங்குபவருக்குக் கனத்த சொம்பு வேண்டாம். இரண்டு பிடி வைத்த லேசான கோப்பையைப் பாதி நிரப்பிக் கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வந்தால், விழுங்கும் திறனைச் சோதிக்காமல் மேலும் கொடுக்கக் கூடாது.

மோருக்குக் கால் பங்கு தயிர், முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அதை உடம்பில் தேங்கவிடும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற இரத்தக்கொதிப்பு, இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பேதிக்கும் வாந்திக்குமான மருந்து. ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு இருப்பதால் இரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அன்றாட பானமாகக் கொடுக்காதீர்கள். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதும் தவறு. அது ஒரு லிட்டருக்கானது. இதயம் பலவீனமானவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் பலிக்காது. வயதான தோல் நீர் குறையாவிட்டாலும் மெதுவாகத்தான் திரும்பும். எழுந்தால் தலைசுற்றல், காலையிலிருந்து சிறுநீர் போகாமை, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றுவது, இரண்டே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்குவது: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, பேதி வந்த நாளில் இரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்தி வைப்பது என்று அன்றே தொலைபேசியில் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள்.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்கள் நடக்க முடிந்தவர்களுக்குத்தான் உதவும். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களின் வாசலுக்கு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் மாத்திரையோடு போகிறார்கள். பங்குனி முதல் ஆடி வரை அவர்கள் இன்னும் இரண்டே கேள்விகள் கேட்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்: ‘நேத்து எத்தனை டம்ளர் குடிச்சீங்க, அந்த டம்ளரைக் காட்டுங்க’, ‘ராத்திரி கழிப்பறைக்கு எப்படிப் போறீங்க?’

இப்படிக்கு,
முதியோர் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்கள்,
திருச்சி