கோட்டைக்கு ஏற்ற கம்பம் பாலத்துக்கு ஏற்குமா? மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாநகர சபையின் முதல்வர், உறுப்பினர்கள், ஆணையாளர் ஆகியோருக்கு,

மதிப்புக்குரியீர்,

புளியந்தீவிலும் கல்லடியிலும் வாவிக்கரையோரமாக இனி அலங்கார மின்விளக்குக் கம்பங்கள் நாட்டப்படும்போது, ஒரே மாதிரியை மொத்தமாக வாங்கி எல்லா இடத்திலும் நடுவதைத் தவிர்க்குமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன். இடத்தை நேரில் நின்று பார்த்தபின்பே கம்பத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

முதலில் கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய அந்தக் கோட்டை, தடித்த மதில்களும் நான்கு மூலைக் கொத்தளங்களுமாக வாவித் தண்ணீரோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கிறது. அதன் முன்னே எட்டு மீற்றர்க் கம்பங்களை நிரையாக நட்டால் மதில் குள்ளமாகிவிடும். நான்கு மீற்றருக்கு மேற்படாத, அலங்காரம் குறைந்த, கருஞ்சாம்பல் நிறக் கம்பங்களே அங்கு பொருந்தும். சுருள் வேலைப்பாடும் பொன்னிறப் பூச்சும் கொண்டு பழைய இலண்டன் தெருவை நினைவூட்டும் மாதிரிகள் சந்தையில் மலிந்திருக்கின்றன. ஒல்லாந்தர் வாசலில் அவற்றை நிறுத்துவது, கூத்துக் களரிக்கு, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றது போலிருக்கும். கம்பம் தாழ்ந்தால் இடைவெளியும் சுருங்கி, ஏறத்தாழ 12 முதல் 16 மீற்றருக்கு ஒன்று தேவைப்படும் என்பதால் செலவு கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்துக்கோ கம்பமே வேண்டாம் என்பேன். அதன் இரும்புச் சட்டகத்திலேயே சிறு விளக்குகளைப் பொருத்தி, ஒளி நடப்பவரின் காலடியில் மட்டும் விழும்படி மூடிவிடலாம். நிலாக் காலத்தில் வாவிக்குள் எழும், மீன் பாடுவது என்று சொல்லப்படும் ஒலியைக் கேட்கத் தோணியில் போகிறவர்களுக்கு இருட்டும் வேண்டியிருக்கிறது.

ஒளியின் நிறத்தையும் கேள்விப் பத்திரத்தில் (டெண்டர் ஆவணத்தில்) எழுதிவிடுங்கள். 6500 கெல்வின் வெண்ணீல ஒளியில் பழைய சுவர் வெளிறித் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் கலந்த ஒளியில் கல்லின் நிறம் கெடாது.

எங்கள் ஊரில் அழகைவிட அதிகம் யோசிக்க வேண்டியது உப்புக்காற்றைப் பற்றித்தான். வர்ணம் மட்டும் பூசிய இரும்பு, கீறல் விழுந்த இடத்திலிருந்தே கறள் பிடிக்கத் தொடங்கும். உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்தெடுத்து அதன்மேல் பூச்சிட்ட உருக்கையோ, தரமான அலுமினியத்தையோ கேட்டு வாங்க வேண்டும். அலுமினியக் கம்பத்தில் துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுகளை நேரடியாக முடுக்கினால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால், நடுவே பிளாஸ்டிக் வாசர் இடப்பட வேண்டும். என் வீட்டு வாசல் விளக்கில் இதைக் கவனியாமல் விட்டு, வெள்ளைத் தூளாக உதிர்ந்ததைக் கண்ட பிறகே நான் இதைக் கற்றுக்கொண்டேன். 1978 நவம்பர் சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் இங்கு வாழ்கிறார்கள். ஆகவே அத்திவாரமும் அடித்தகடும் எந்தக் காற்று வேகத்தைத் தாங்கும் என்பதை வழங்குநர் எழுத்தில் தரவேண்டும். கோட்டையருகே குழி தோண்டுமுன் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கோருவதற்கு முன்னர், தெரிவான மாதிரிகளில் ஒவ்வொன்றைக் கோட்டை வாசலிலும் காந்திப் பூங்காவிலும் ஒரு வாரம் எரியவிட்டு, இரவில் வந்து பார்க்குமாறு பொதுமக்களையும் அழைப்பீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
கல்லடி வாசி ஒருவர்