பெரியப்பாவுக்கு: மைக் இல்லாத பாட்டு கேக்க நியூயார்க் வாங்க

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன வாரம் ஃபோன்ல "அதென்னடா ஆப்பரா, புரியாத பாஷைல கத்துறத காசு குடுத்துப் போய் பாக்குற"ன்னு கேட்டீங்க. பெரும்பாலும் பாட்டாவே நடக்குற மேற்கத்திய மேடை நாடகம்தான் அது, ஃபோன்ல சொல்லி முடியாதுன்னுதான் உக்காந்து எழுதுறேன். அக்டோபர்ல அக்கா வீட்டுக்கு நியூஜெர்சி வர்றீங்கல்ல, அதுக்குள்ள இத படிச்சிடுங்க, உங்கள லிங்கன் சென்டருக்கு கூட்டிட்டு போகாம நான் விடப்போறதில்ல.

உங்களுக்கு பிடிக்கப்போற விஷயத்த முதல்ல சொல்லிடுறேன். லிங்கன் சென்டர்ல இருக்குற மெட்ரோபாலிட்டன் ஆப்பரால, சுருக்கமா மெட்ல, பாடுறவங்களுக்கு மைக் கிடையாது. கிட்டத்தட்ட 3,800 பேர் உக்கார்ற ஹால், மேடைக்கு முன்னாடி பள்ளத்துல வயலின், ட்ரம்பெட், டிரம்ஸ்னு ஒரு பெரிய கூட்டமே வாசிச்சிட்டு இருக்கும், அத்தனையும் தாண்டி ஒரே ஒரு ஆளோட தொண்டை கடைசி வரிசை வரைக்கும் வந்து சேரணும். நாடக மேடைல செங்கோட்டை கிட்டப்பா பாடினா கொட்டகைக்கு வெளிய நிக்கிறவனுக்கும் கேக்கும்னு தாத்தா சொன்னத நீங்க எங்ககிட்ட எத்தன தடவ சொல்லிருப்பீங்க! அவர் 1933லயே போயிட்டாரு, இப்ப அந்த கரகர ரெக்கார்டுதான் மிச்சம். ஆனா தொண்டைய மட்டும் நம்பி மேடையேறுற பாட்டு இன்னும் உயிரோட இருக்கு பெரியப்பா, சப்வே ஏறினா நான் போய் கேட்டுட்டு வந்துடுறேன்.

இது எப்படி முடியுதுன்னு எனக்கு ரொம்ப நாளா குடைஞ்சிட்டே இருந்துச்சு. யோஹன் சுண்ட்பெர்க்னு ஸ்வீடன்காரர் ஒருத்தர் இத அளந்து பாத்து சொல்லிருக்காரு. ஆர்கெஸ்ட்ரா, அதான் அந்த பள்ளத்துல வாசிக்கிற கூட்டம், அதோட சத்தத்தோட பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் (ஒலி ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அதிருதுங்கற கணக்கு) பக்கத்துல இருக்கு, மேல போகப் போக குறைஞ்சிடும். பழகின ஆப்பரா பாடகர், அதுவும் ஆம்பள குரல்ல, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியா ஒரு பலத்த சேத்துடுறாங்க, மனுஷன் காதும் அந்த இடத்துலதான் ரொம்ப கூர்மை. அதனால கத்தவே தேவையில்ல, ஆர்கெஸ்ட்ரா விட்டு வெச்ச சந்துல குரல் நுழைஞ்சு வந்துடும். நீங்க "கத்துறது"ன்னு சொன்னது எனக்கு கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, அதான் இத்தனை விவரம்.

இத கேக்க நல்ல இடம் முன் வரிசை இல்ல, உச்சாணில இருக்குற ஃபேமிலி சர்க்கிள். விலை கம்மி, முகம் சின்னதா தெரியும், ஆனா சத்தம் மேல ஏறி கூரைல பட்டு அங்கதான் வந்து சேருது. கீழ பல மடங்கு காசு குடுத்து உக்காந்தும் பாத்திருக்கேன், துணிமணி, கண்ணீர் எல்லாம் நல்லா தெரிஞ்சுது, குரல் மேல கேட்ட அளவுக்கு இல்ல. யூட்யூப்ல பாத்துட்டும் தயவுசெஞ்சு முடிவு பண்ணாதீங்க, ரெக்கார்டிங் மைக் பெரிய குரலையும் சின்ன குரலையும் ஒரே அளவாக்கிடும்.

பாஷை பத்தி கவலை வேண்டாம், 1995லேந்து ஒவ்வொரு சீட்டுக்கும் எதிர்ல குட்டியா ஒரு ஸ்க்ரீன் இருக்கு, அதுல இங்கிலீஷ்ல வரி வரியா ஓடும். ஆனா ல போஹேம்னு ஒரு ஆப்பரா, அதோட கடைசி சீன்ல அத கூட பாக்காதீங்க. புச்சினிங்கற இத்தாலிக்காரர் இசை போட்டது, 1896ல முதல்ல மேடையேறினது. மீமிங்கற பொண்ணு காசநோய்ல கிடக்கா, குளிர்ற கைக்கு ஒரு உறை கொண்டாந்து குடுக்குறாங்க, கை கதகதப்பா இருக்கு, தூங்கணும்னு ஒரே ஸ்வரத்துல முனகிட்டே அடங்கிடுறா. அவ காதலன் ரொடால்ஃபோ அவ கண்ணுல வெளிச்சம் படக்கூடாதுன்னு ஜன்னல மறைச்சிட்டு இருக்கான். உயிர் போனத மத்தவங்க ஒவ்வொருத்தரா கவனிச்சிடுறாங்க, அவனுக்கு மட்டும் தெரியல. ஏன் இப்படி அங்கயும் இங்கயும் நடக்குறீங்க, ஏன் என்ன அப்படி பாக்குறீங்கன்னு பாட்டா இல்லாம சாதாரணமா பேசுறான். அதுக்கப்புறம்தான் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் இடிஞ்சு விழுற மாதிரி ஒலிக்கும், அவன் அவ பேர சொல்லி அலறுவான். எத்தன தடவ கேட்டாலும் அந்த "ஏன் இப்படி பாக்குறீங்க"ல எனக்கு தொண்டை அடைச்சிடுது.

இன்னொண்ணு, மேடை விளிம்புல நடுவுல ஒரு சின்ன கூண்டு இருக்கும், அதுக்குள்ள பிராம்ப்டர்! நம்ம நாடகத்துல சைட்ல நின்னு எடுத்துக் குடுப்பாங்களே, அதே வேலை. ஒன்ஸ்மோர் கூட உண்டு, என்ன, இங்க ரொம்ப அபூர்வம். 2008 ஏப்ரல்ல ஹுவான் டியேகோ ஃப்ளோரஸ்ங்கற பாடகர், மேல் ஸிங்கற ரொம்ப உச்ச ஸ்வரத்த ஒன்பது தடவ தொடுற பாட்ட பாடி முடிச்சு, ஜனம் விடாம கைதட்டி, திரும்ப முழுசா பாடினாரு, அதுக்கு முன்னாடி மெட்ல அப்படி நடந்தது 1994ல பவரோட்டிங்கற இத்தாலிய பாடகருக்கு.

நீங்க அவசியம் கேக்க வேண்டிய ஆப்பரா சத்யாகிரகா. ஃபிலிப் க்ளாஸ்ங்கற அமெரிக்கர் இசை, காந்தியோட தென்னாப்பிரிக்கா வருஷங்கள், பாடுறது முழுக்க சமஸ்கிருதம், வரிகள் பகவத் கீதைலேந்து எடுத்தது. 2011ல திரும்ப போட்டப்ப கேட்டேன். கடைசில காந்தி தனியா நின்னு மேல ஏறுற எட்டு ஸ்வரத்த திரும்பத் திரும்ப, முப்பது தடவ பாடுவாரு. அந்த எட்டும் என்னன்னு நெனைக்கிறீங்க, நம்ம தோடி ஆரோகணத்துல வர்ற அதே ஸ்வரங்கள், கமகம் மட்டும் இல்ல. கமகம் இல்லாத தோடி தோடியான்னு நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க, கேட்டுட்டு சண்டை போடலாம். இது அடிக்கடி போட மாட்டாங்க, ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கு.

வேஷ்டிலயே வரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. லிஃப்ட் இருக்கு, மேல போனப்புறம் படி மட்டும் செங்குத்தா இருக்கும், என் கையப் பிடிச்சுக்கோங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொங்குற பெரிய விளக்கெல்லாம் தானா கூரைக்கு ஏறும், மேல இருக்குற நமக்கு மேடை மறைக்கக் கூடாதுன்னுதான். போஹேம்னா இடைவேளையோட மூணு மணி நேரம் கிட்ட ஆகும், பெரியம்மாவுக்கு அவ்ளோ நேரம் உக்கார முடியுமான்னு கேட்டு சொல்லுங்க, முடியும்னா ஓரத்து சீட்டா மூணு போட்டுடுறேன். உங்க ஃப்ளைட் டிக்கெட் தேதியும் அனுப்புங்க.

உங்க தம்பி மகன்