ஆண்டறிக்கை: மாதிரி ரயில் கழகச் செயலாளர் பொதுக்கூட்டத்தில் வைத்தது

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவை போக, ஆண்டின் பெரும்பகுதி மாதிரி எஞ்சின்களுக்கான பித்தளைத் தகடு வேலைக்கே போனது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பித்தளை எஞ்சின் கிட் (நாமே பாகங்களைச் சேர்த்துச் செய்யும் பெட்டி) வாங்குபவர்களில் பலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அமிலத்தால் அரித்தெடுத்த தட்டைத் தகடு அரை மில்லிமீட்டர்கூடக் கனமிராது. இதிலிருந்து எஞ்சின் எப்படி எழும் என்று மலைத்துப்போகிறார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் தகடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் பயிற்சி நடத்த முன்வந்ததும் அந்த மலைப்பு வெகுவாகக் குறைந்தது. ஐயாவுக்குக் கழகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

பயிற்சியில் கற்றவை இவை. பாதிக் கனத்துக்கு அரிக்கப்பட்ட மடிப்புக் கோடு வளைவின் உட்பக்கம் அமைய வேண்டும். தகட்டை இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவே இறுக்கி, கோடு முழுவதும் ஒருசேர எழும்படி மடிக்க வேண்டும். கோணம் சரியில்லை என்று முன்னும் பின்னும் ஆட்டினால் அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். மடித்தபின் உள்மூலையில் பற்றவைக்கும் ஈயத்தை உருக்கி ஓடவிட்டால்தான் மடிப்பு உறுதியாக நிற்கும்.

எஞ்சினின் கொதிகலனைத் தகட்டிலிருந்து உருட்டுவதில்தான் அதிக விவாதம் நடந்தது. மெத்தென்ற ரப்பர் விரிப்பின்மேல் தகட்டை வைத்து, எஃகுத் தண்டால் அழுத்தி உருட்டினால் அது சிறிது சிறிதாகச் சுருளும். விட்டதும் கொஞ்சம் விரிந்துகொள்ளும் என்பதால், தண்டு கொதிகலனைவிட மெலிதாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் வெட்டிவிட்ட இடத்தில் தகடு முறுக்கிக் கோணும். உருட்டும்வரை அங்கே கழிவுத் துண்டு ஒன்றை ஈயத்தால் ஒட்டிவைத்தால் வளைவு சீராக வரும். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடுகாட்டித் தகட்டை இளக்கிக்கொள்வது எளிது என்று சிலர் வாதிட்டார்கள். சக்கர மூடி போன்ற இறுக்கமான வளைவுகளுக்கு அது சரி. முழுக் கொதிகலனையும் இளக்கினால் விரல் பட்டாலே குழி விழும். அதை நான் ஏற்கவில்லை.

ஈயம் வைத்த அன்றைக்கே வேலையை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸில் உள்ள அமிலம் தங்கிவிட்டால் இங்குள்ள ஈரக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, மேலே அடிக்கும் பெயிண்ட்டையும் தூக்கிவிடும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்போர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

வரும் ஆண்டில் மலாயா ரயில்வேயின் மீட்டர் பாதை நீராவி எஞ்சின் ஒன்றை 1:87 அளவில் (அசலில் 87இல் ஒரு பங்கு), 12 மில்லிமீட்டர் அகலப் பாதையில், வெறும் தகட்டிலிருந்தே செய்யச் செயற்குழு எண்ணியுள்ளது. 1932இல் திறந்து 2011இல் ரயில் சேவை நின்ற தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துபோன எஞ்சின் நம் கையால் உருவாவதைப் பார்க்க எனக்குப் பேராவல். அதற்கு மூன்று உருளை கொண்ட தகடு வளைக்கும் கருவி ஒன்று கழகத்துக்கு வேண்டும். இக்கூட்டம் அச்செலவுக்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்