எங்கட குருவி ஏரியைத் தாண்டிட்டுது, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எழுதோணும் எழுதோணும் எண்டு நினைச்சே நாள் போட்டுது, நேற்று வந்த ஈமெயிலைப் பாத்தாப் பிறகு இனிப் பொறுக்கேலாது. செப்டெம்பர்ல ஒன்ராறியோ லோங் பொயின்ற் பக்கம் நாங்கள் டாக் (சிக்னல் அனுப்பிற சின்ன ரேடியோக் கருவி) போட்டுவிட்ட ஸ்வெயின்சன்ஸ் த்ரஷ் எண்ட குருவி ஒண்டு, பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்தில வெளிக்கிட்டு ஈரி ஏரியைக் கடந்து, அதின்ர சிக்னல் பென்சில்வேனியாவில ஒரு டவர்ல பிடிபட்டிருக்கு!

முதல் நன்றி டாக் போடப் பழக்கின அக்காவுக்கு. குருவியே 30 கிராம் அளவுதான், டாக் ஒரு கிராமுக்கும் குறைவு, தலைமயிர் மாதிரி ஒரு அன்ரனா வாலுக்கு மேலால நீட்டிக்கொண்டு நிக்கும். என்ர கை நடுங்க, இறுக்காதையும், கழுத்து ரெண்டு விரலுக்கு நடுவில நிண்டாக் காணும் எண்டு சொல்லிச் சொல்லி ரெண்டு தொடையிலயும் எலாஸ்டிக்கை மாட்டினீங்கள். உள்ளங்கையில அந்த நெஞ்சு அடிச்ச அடியை நான் மறக்கமாட்டன் அக்கா.

இந்த டாக் சற்றலைட்டோட கதைக்காது. டவர் ஒண்டுக்குப் பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றருக்குள்ள பறந்தாத்தான் 166.38 மெகாஹெர்ட்ஸில கேக்கும், இந்த வகை டாக் எல்லாம் ஒரே அலைவரிசை, துடிப்புகளுக்கு இடையில உள்ள இடைவெளியை வைச்சுத்தான் எந்தக் குருவி எண்டு பிரிச்சுப் பாக்கிறது. அப்ப ஆராவது இடம் தந்தாத்தானே டவர் நிக்கும்? பேர்ட்ஸ் கனடா எண்ட அமைப்பு நடத்துற மோட்டஸ் எண்ட இந்த டவர் வலையமைப்பே இப்பிடி இடம் தந்த சனத்தாலதான் ஓடுது. எங்கட டவருக்குத் தன்ர மாட்டுக்கொட்டில் கூரையைத் தந்த பண்ணைக்கார ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, சனிக்கிழமை நேர போய் இதை இங்கிலீசில வாசிச்சுக் காட்டுவன்.

மாசியில உறைபனி மழைக்கு அந்த டவரின்ர அன்ரனா வளைஞ்சு போக, ஏணியும் கொண்டு ஸ்காபரோவில இருந்து வான் ஓடி வந்து நிமித்தித் தந்த தம்பிமாரே, நீங்கள் பெற்றோல் காசும் வாங்கேல்லை. அண்டைக்கு நீங்கள் வராட்டி, இந்தக் குருவி வேலிக்கரைப் பத்தைக்குள்ள 9 நாள் நிண்டு பழம் திண்டு கொழுப்புச் சேர்த்தது எங்களுக்குத் தெரிஞ்சே இராது. அந்த 9 நாளைக் காட்டித்தான் பத்தையை வெட்டாதைங்கோ எண்டு பக்கத்துக் காணிக்காரரிட்டயும் கேக்கப்போறம்.

பென்சில்வேனியாவில டவர் வைச்சிருக்கிற, முகம் தெரியாத உங்களுக்கும் பெரிய நன்றி. அது இன்னும் தென்னமெரிக்கா மட்டும் போகோணும். கொலம்பியாவிலயும் டவர்கள் நிக்குது, நான் ஒவ்வொரு விடியவும் எழும்பின உடன ஈமெயிலைத்தான் பாக்கிறன்.