சண்டைக்குப் போகும் முன் அந்தப் பில்லைப் பிரித்துப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் போட்ட சத்தத்தில் அம்மா தூங்கவே இல்லை. நீ கட்டும் வீட்டின் செலவு எஸ்டிமேட்டைத் தாண்டிவிட்டது, ஆர்க்கிடெக்ட் ஏமாற்றிவிட்டார் என்கிறாய். இருக்கலாம். ஆனால் அவர் முன்னால் போய் உட்காரும் முன் எஸ்டிமேட்டுக்கு மேல் ஏறிய தொகையை வரிவரியாக எடுத்து மூன்றாகப் பிரி. நீ கேட்டு மாற்றியது, தோண்டிய பிறகு மண்ணில் தெரியவந்தது, டிராயிங்கில் இருந்திருக்க வேண்டியது விட்டுப்போனது.

முதலாவது உன் கணக்கு. இரண்டாவதும் பெரும்பாலும் உன் தலையில்தான் விழும், ஆர்க்கிடெக்ட் மண் பரிசோதனை செய்யச் சொன்னாரா என்று மட்டும் பார். சண்டை போட மூன்றாவதுதான் இடம், அதிலும் முழுத்தொகையைக் கேட்காதே. விட்டுப்போன ஜன்னலை முதலிலேயே வரைந்திருந்தாலும் அதற்கு நீ பணம் கொடுத்திருப்பாய் இல்லையா, அதனால் எழுப்பிய சுவரை இடித்து மறுபடி பூசிய செலவைத்தான் கேட்க முடியும்.

என் கதை உனக்குத் தெரியாது. வீடு கட்டும்போது சைட்டில் நின்றவாக்கில் "படி இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா நல்லாருக்கும்ல" என்றேன், அவ்வளவுதான். படி அகலமானது, கூடம் சுருங்கியது, உத்தரம் இடம் மாறியது, கட்டி முடித்த கம்பியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். பில் வந்ததும் குதித்தேன். என் ஆர்க்கிடெக்ட் பேசாமல் டைரியைத் திறந்து காட்டினார், நான் சொன்ன வார்த்தை தேதியோடு இருந்தது. என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடையாது. (அந்தப் படியில் இன்றைக்கும் அம்மா துணி மடித்து வைக்கிறாள், வேறு உபயோகம் பெரிதாக இல்லை.)

அதனால் இனி வாயால் எதற்கும் சரி சொல்லாதே. இந்த மாற்றத்துக்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி வாங்கிய பிறகு வேலை நடக்கட்டும்.

அப்புறம் உன் ஆர்க்கிடெக்ட்டின் கட்டணம். செலவில் 10 சதவீதம் என்று பேசியிருந்தால், கட்டுமானச் செலவு ஏற ஏற அவருக்கும் ஏறும். திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அவருடைய தவறால் கூடிய தொகைக்கும் சேர்த்து சதவீதம் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று தைரியமாகச் சொல்.

கோபத்தில் பணத்தை மொத்தமாக நிறுத்திவிடாதே, வேலை நின்றால் பழி உன் மேல் வரும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, தகராறு இல்லாத பகுதியைக் கொடு, மீதியை ஏன் நிறுத்துகிறாய் என்று எழுதிக் கொடு. பில்லில் உள்ள அளவு சரியில்லை என்று தோன்றினால் சம்பந்தமில்லாத ஒரு என்ஜினீயரை வைத்து அளக்கச் சொல். ஆளை மாற்றுவது கடைசி யோசனை, டிராயிங் உரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே இருக்கும், புது ஆள் அதை வைத்து வேலை செய்வதில் சிக்கல் வரலாம்.

முதல் டிராயிங், இப்போதைய டிராயிங், எல்லா பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு. நீ அவரைப் பார்க்கப் போகும் முன் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அப்பா