பெயின்ட்டைச் சுரண்டும் முன் எண்ணைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பாகங்களை எங்கள் பட்டறைக்கு அனுப்பி வைக்கிறீர்கள். அவற்றில் பல, வரும்போதே பஃபிங் அடித்து, புதுப் பெயின்ட் பூசிப் பளபளவென்று வருகின்றன. தயாரிப்பாளர் குத்திய எண் அந்தப் பளபளப்போடு போய்விடுகிறது. எண் போன டைனமோவை (வண்டிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை)ப் பழுதுபார்க்கலாம். அது உங்கள் வண்டியோடு வந்ததா, இடையில் யாரோ மாட்டியதா என்று மட்டும் பிறகு எவராலும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 வயது தாண்டிய, அசல் வடிவில் உள்ள வண்டிகளுக்குத் தனி 'விஏ' வரிசைப் பதிவு தருகின்றன. அதற்கு முயல்பவர்களுக்கு இந்த எண்கள் முக்கியம்.

முதலில் சுத்தம் செய்யும் முறை. பாகத்தை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷாலோ மெல்லிய பித்தளை பிரஷ்ஷாலோ தேயுங்கள். இரும்பு வயர் பிரஷ், எமரி பேப்பர், மணல் பிளாஸ்டிங் மூன்றும் வேண்டாம். வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்து ஓரளவு தாங்கும், ஆனால் பஞ்ச்சால் குத்திய எண் ஆழமில்லாதது. காஸ்டிக் சோடாவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இரும்பில் பெயின்ட்டைக் கழற்றும் அதே காஸ்டிக், டிஸ்ட்ரிப்யூட்டர், கார்புரேட்டர் போன்ற அலுமினியம், துத்தநாகக் கலவை வார்ப்புகளை அரித்துத் தின்றுவிடும். சுத்தமானதும் இருட்டறையில் டார்ச்சைப் பாகத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எண் நிழல் கட்டித் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் சாக்பீஸ் தூளைத் தடவித் துடையுங்கள், பள்ளத்தில் தூள் தங்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி, பல நேரம் போட்டோவைவிடத் தெளிவாக இருக்கும்.

எலக்ட்ரிக்கல் பாகங்களில்தான் படிக்க நிறைய இருக்கிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றைச் செய்தது பர்மிங்காம் லூகாஸ் நிறுவனம். லூகாஸ் பாகத்தில் பொதுவாக மூன்று தகவல்கள் இருக்கும்: மாடல் பெயர், ஐந்து இலக்கப் பாக எண், தேதி. மாடல் பெயரிலேயே அளவு ஒளிந்திருக்கிறது. சி39 டைனமோவின் விட்டம் 3.9 அங்குலம், சி40 என்றால் 4 அங்குலம். எம்35ஜி செல்ஃப் மோட்டார் மூன்றரை அங்குலம், எம்418ஜி நாலே கால் அல்ல, 4⅛ அங்குலம். எஃப்700 ஹெட்லைட் 7 அங்குலம். சி39பிவி-2 கொடுப்பது 19 ஆம்பியர், சி40-1 கொடுப்பது 22. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எண்ணைப் பார்க்காமல் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள் பாகம்) வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

தேதி சிறு எண்களில் இருக்கும். 1950களில் மாதமும் வருடமும்: '4 58' என்றால் ஏப்ரல் 1958. 1960களில் மாதத்துக்குப் பதில் வாரம் வந்தது: '23 65' என்றால் 1965-ன் 23-ஆம் வாரம். முதல் எண் 12-ஐத் தாண்டினால் அது வாரம்தான், சந்தேகமில்லை. 12-க்குள் இருந்தால் அந்த ஒரு பாகத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். அதே வண்டியின் மற்ற லூகாஸ் பாகங்களைப் பாருங்கள். டைனமோவிலும் செல்ஃப் மோட்டாரிலும் இரும்பு உருளைமேல் குத்தியிருப்பார்கள். கழற்றாமல் பார்த்தால் எஞ்சின் பக்கம் திரும்பிய பாதி தெரியாது. இக்னிஷன் காயிலில் அடிப்பாகத்தைப் பாருங்கள்.

1958 ஜூலையில் கட்டிய வண்டியில் '4 58', '5 58' டைனமோ இருந்தால் பொருந்துகிறது. '11 58' இருந்தால் அது பிறகு மாட்டியது, பேச்சே இல்லை. பாகத்தின் தேதி வண்டியின் தேதிக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முந்தி இருக்க வேண்டும். பெட்டியில் பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டிய வண்டிகளில் இந்த இடைவெளி இன்னும் நீளும். 'லூகாஸ்-டிவிஎஸ்' என்று இருந்தால் அது சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய நிறுவனத்தின் பொருள். தரத்தில் குறையில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1955 வண்டியில் அதை 'அசல்' என்று எழுதாதீர்கள்.

எஞ்சினுக்கு வருவோம். மைனரின் எஞ்சின் எண் தகடு பிளாக்கின் வலப்பக்கம், டைனமோ பிராக்கெட்டுக்கு மேலே இருக்கும். '9எம்-யூ-எச்' என்று தொடங்கினால், 9 என்பது 948 சி.சி., எம் மோரிஸ், யூ நடுவில் உள்ள கியர் லிவர், எச் உயர் அழுத்தம் (எல் என்றால் குறைந்த அழுத்தம்). 10 என்று தொடங்கினால் 1098 சி.சி. இந்தத் தகட்டையும் வார்ப்பு எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. வார்ப்பு எண் என்பது உலோகத்தை ஊற்றிய அச்சின் எண், அவ்வளவுதான். எஞ்சினின் மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்தால் ஹெட்டில் (பிளாக்கின் மேல் உட்காரும் பகுதியில்) '12ஜி940' என்று இருக்கலாம். 1275 சி.சி. எஞ்சின்களுக்கான அந்த ஒரே வார்ப்பில் 9 ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் மரைத் தண்டு) ஹெட்டும் உண்டு, 11 ஸ்டட் ஹெட்டும் உண்டு. அதை 1098 பிளாக்கில் அப்படியே மாட்டினால் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்கும்.

எஸ்யூ நிறுவனத்தின் கார்புரேட்டரிலும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இதே குழப்பம். உடலில் 'ஏயூசி' என்று வார்த்திருப்பது வார்ப்பு எண். எந்த வண்டிக்கு என்று சொல்வது ஃப்ளோட் சேம்பர் (பெட்ரோல் தங்கும் கிண்ணம்) மூடியின் ஸ்க்ரூவில் மாட்டிய சின்னத் தகடு. கழுவும்போது முதலில் தொலைவது அதுதான், தனியாக எடுத்து ஒரு கவரில் போடுங்கள். தகடு இல்லாவிட்டால் கார்புரேட்டர் பிஸ்டனிலிருந்து பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கழற்றி, அதன் தடித்த காம்பில் குத்திய எழுத்தைப் பூதக்கண்ணாடியால் படிக்கலாம். 1098 மைனருக்கு 'ஏஎன்'. இடுக்கியால் பிடித்து இழுத்தால் எழுத்தும் போகும், ஊசியும் வளையும்.

கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. டிரிப்ளெக்ஸ் என்ற கண்ணாடி நிறுவனத்தின் முத்திரையில் 'டஃபன்டு' (TOUGHENED) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்பது எழுத்து. எத்தனையாவது எழுத்தின் கீழ் புள்ளி இருக்கிறதோ அந்த எண்தான் வருடத்தின் கடைசி இலக்கம். புள்ளியே இல்லையென்றால் பூஜ்யம். பத்தாண்டு எது என்பதை வண்டியை வைத்து நீங்கள்தான் கணிக்க வேண்டும்.

போல்ட்டின் தலையையும் பாருங்கள். ஒன்றையொன்று தொடும் வட்டங்களோ வட்டக் குழியோ இருந்தால் அது யூனிஃபைடு என்ற அங்குல அளவு மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. என்பதால் கடையில் 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை நீட்டுவார்கள். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் பிளாக்கின் மரையைச் சீவிவிடும்.

போலி முத்திரைகளும் சந்தையில் இருக்கின்றன. பழைய எண்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார்கள். ஆழமும் வரிசையும் சற்று முன்பின்னாக இருக்கும், விளிம்பில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். லேசரில் போட்டது ஒரே ஆழத்தில் நேர்கோட்டில் நிற்கும். தேய்ந்த எஞ்சின் எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ மறுபடி குத்தித் தரும்படி எங்களிடம் கேட்காதீர்கள், அது குற்றம். எண் தெரியாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் போங்கள்.

இனி பாகம் அனுப்பும்போது பெயின்ட் அடிக்காமல், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். வண்டியில் மாட்டியிருந்த நிலையில் ஒரு படம், கழற்றியபின் நான்கு பக்கமும் ஒவ்வொரு படம், எண்ணின் அருகே ஸ்கேல் வைத்து ஒன்று, கூடவே ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதமும் வருடமும் வேண்டும். பவுடர் கோட்டிங் கேட்பவர்களுக்கு, எண் உள்ள இடத்தை டேப் ஒட்டி மறைத்தே கோட்டிங் போடுவோம். அந்த இடத்தில் மெல்லிய கறுப்புப் பெயின்ட் மட்டும் ஒரு கை பூசித் தருவோம்.

அன்புடன்,
பழைய வண்டிப் பாகங்கள் பிரிவு